தடித்த டயர்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், குளிர்நாட்டு ஊரான லாசாலில் கார்களுக்கு டயர் மாற்றுகிறேன். அண்ணன் ஒன்பது வருடமாகத் தன் கையால் கட்டிய சின்ன விமானத்துக்குப் புது டயர் தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் தந்தார்.

"பழைய அளவிலேயே எடடா."

"மெல்லிசாக் கிடக்கண்ணை. பயமாயிருக்கு."

"லிப்ட்டில ஏறவே பயப்பிடுற ஆளெல்லே நீ!"

இந்த ஊர்ப் பனியில் தடித்த டயர்தான் உயிரைக் காக்கும் என்று பழகிய மனம். அவருக்குச் சொல்லாமல் தடித்ததையே பூட்டினேன். விமானச் சக்கரத்தைச் சுற்றிப் பொதிந்திருக்கும் மூடிக்குள் மயிரிழை இடைவெளிதான் இருந்தது.

அண்ணன் பறந்துவிட்டுத் தரையிறங்கும்போது டயர் மூடியில் இறுகிச் சுழலாமல் நிற்க, விமானம் குப்புறக் கவிழ்ந்து நொறுங்கியது. அண்ணன் காயங்களோடு தப்பினார்.

"நான்தான் அண்ணை..."

"தெரியும். எனக்கு ஒண்டும் நடக்கக் கூடாதெண்டுதானே செய்தனீ. இனி இன்னொண்டு கட்ட எனக்கு வயசில்லையடா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கவலையை அன்பு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.