கேட்கிற ஆட்கள் காணாதாம்

என் பொட்காஸ்ட்டுக்கு விளம்பரம் கேட்டு, இன்று ஓர்ஸ் ஹில்லில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போயிருந்தேன். இதுவரைக்கும் எல்லாச் செலவும் என் கைக்காசுதான்.

கடைக்கார நானா என் போனில், கேட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்.

"இவ்வளவு பேர்தானா? கேக்கிற ஆக்கள் காணாது தம்பி. இதுக்கு விளம்பரம் தர ஏலாது."

அப்போது கடைக்குள்ளே ஸ்பீக்கரில் என் குரல் கேட்டது. வேலையாட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நானா, இது என்ர நிகழ்ச்சிதானே?"

"ஓம். மச்சான் வட்ஸ்அப்பில ஓடியோவா அனுப்பினது. நானும் எங்கட ஊர் கிண்ணியா குரூப் எல்லாத்துக்கும் போட்டனான். லிங்கில போய்க் கேட்டா டேட்டா முடிஞ்சிரும்தானே."

அப்படிக் கேட்கிற எவரும் என் எண்ணிக்கையில் வருவதில்லை என்று சொன்னேன். யோசித்தார். தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்.

வட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள், அவரிடம் காட்ட வேண்டும். தயவுசெய்து இந்தப் பதிவையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.