மாதா படத்தின் சட்டத்துக்குள்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். அதிகம் படிக்காதவன் ஓவியத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்ற பயம். ஆனால் அன்றைய சந்தோஷம் என்னோடு போய்விடக் கூடாது.

எழுபதுகளில் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருந்தோம். பழைய சாமான் கடையில் வாங்கிய மாதா படம் ஒன்று வீட்டில் இருந்தது, பலகையில் வரைந்தது. பங்குச் சுவாமியார் வந்து மந்திரித்துத் தந்தார். வரைந்தவர் யாரென்று தெரியாது. ஆனாலும் செபமாலை முடிவில், "இந்தப் படத்தைக் கீறின ஆன்மாவுக்காக" என்று மனைவி ஒரு செபம் சேர்ப்பாள். பேர் தெரியாமல் மன்றாடுவது அவளுக்குப் பெரிய மனக்குறை.

கோவிலில் பழக்கமான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தேநீருக்கு வந்தார். பழைய ஓவியங்களை ஆராய்வது அவர் தொழில். படத்தைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த ஞாயிறு அதேபோன்ற ஓவியங்களின் புகைப்படங்களோடு வந்துவிட்டார்! சில நூற்றாண்டுகளுக்கு முந்திய பெல்ஜியம் பக்கத்துப் பிளெமிஷ் ஓவியர் ஒருவர் இதை வரைந்திருக்கலாமாம். அவர் அதிகம் பேர் அறியாதவர், கையெழுத்தே போடமாட்டாராம். ஆனால் மாதாவின் காலடியில், வலது மூலையில், கவிழ்ந்த மரக்கரண்டி ஒன்றை வரைந்துவிடுவாராம். எங்கள் படத்தில் அந்த மூலையைச் சட்டம் மூடியிருந்தது. கழற்றலாமா என்று கேட்டார்.

மனைவி கையை விரித்து மறித்தாள். "ஐயோ, சுவாமி மந்திரிச்ச படம். கழட்டக்கூடாது!"

"சுவாமி மாதாவை மந்திரிச்சவரோ, சட்டத்தையோ?" என்றேன்.

"ரெண்டையும்தான். உங்களுக்கு எல்லாம் பகிடி."

"பேர் வேணுமெண்டு நிண்டது நீரெல்லோ?"

அவள் சிலுவை அடையாளம் போட்டாள். குசினிக்குள் போய் பட்டர்க் கத்தியோடு வந்தாள். "தள்ளுங்கோ, நீங்கள் உடைச்சுப் போடுவியள்."

சட்டம் விலகியது. மறைந்திருந்த அந்த ஓரம் மட்டும் நேற்றுத்தான் வரைந்ததுபோல் பளிச்சென்றிருந்தது. அங்கே கரண்டி! கவிழ்ந்தே கிடந்தது! பெண்மணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மனைவி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள்.

மூச்சு வாங்கியபின் பெண்மணி ஓவியரின் பெயரைச் சொன்னார். கூடவே, மாணவர் யாராவது அவர் படத்தைப் பார்த்து வரைந்திருக்கவும் கூடும், ஆகவே "அவர் வரைந்ததாகக் கருதப்படுகிறது" என்றுதான் சொல்லலாம் என்றார். மனைவிக்குத் தமிழில் விளக்கினேன்.

"அதுக்கென்ன? நான் அவரின்ரை பேரைச் சொல்லுறன். வேறை ஆளெண்டால் மாதா செபத்தை அந்த ஆளிட்டைக் குடுப்பா."

அன்று செபத்தில் அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்குத் தடுமாறியது. ஆனாலும் விடாமல் சொன்னாள்.

வாசித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். "கருதப்படுகிறது" என்பதை விட்டுவிடாமல், கூட்டாமல், குறைக்காமல், இருந்தபடியே சொல்லுங்கள்.