தாத்தா மூடிய விரிப்பு

உயிர் போய் மவுத்தான உம்மாவின் மையத்தை, அந்த உடலை, குளிப்பாட்டக் கிணற்றடியைச் சுற்றி மூன்று படுக்கை விரிப்புகளைக் கட்டியிருந்தார்கள். இரண்டு வெள்ளை, ஒன்றில் நீலப் பூ. எங்கள் ஊரான எத்தாளையில் சோளகக் காற்று அடிக்கும் மாதம் அது. கட்டிய எதுவும் கட்டியபடி நிற்காது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் வாசம் வெளியே வந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினொரு வயது. யாரோ மாட்டிவிட்ட தொப்பி கண் வரைக்கும் இறங்கிக் கிடந்தது. பெண் மையத்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மகள் இருந்தால் அவள் கை முதலில் படவேண்டும் என்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். அதனால் தாத்தா உள்ளே போனாள். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா. அவளுக்கு அப்போது பதினேழு. நான் மகன் என்பதால் வெளியே நின்றேன்.

அழுகையோடு இன்னொன்றும் சேர்ந்து நெஞ்சை அரித்தது. அதற்கு அன்று எனக்குப் பெயர் தெரியாது. உள்ளே நிற்கவேண்டிய பிள்ளை நான், இவர்கள் ஆளை மாற்றி நிறுத்திவிட்டார்கள் என்ற எரிச்சல் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று நீலப் பூ விரிப்பைத் தூக்கியது. உம்மாவின் ஒரு கால் தெரிந்தது. பக்கத்தில் குனிந்திருந்த தாத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, நானும் வாறன்” என்றேன்.

“நீ ஆம்புள. வாப்பாட்ட போ” என்றாள். விரிப்பை இழுத்து, இரண்டு கிளிப் போட்டு மூடினாள்.

மையவாடியில் குழிக்குள் மூன்று பிடி மண் போட என்னைத்தான் முன்னால் விட்டார்கள். மண் போட ஒரு ஆம்புளப் புள்ள இருப்பதற்கு உம்மா கொடுத்து வைத்தவள் என்று ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். அந்தத் தோளைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம் போல இருந்தது.

இருபத்து மூன்று வயதில் சல்வார் போட்டுக்கொண்டு, புத்தளத்தில் ஓர் அறை எடுத்துத் தையல் தொடங்கினேன். தாத்தா நாலு வருடம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் அபாயா தைக்கத் துணியோடு வந்து நின்றாள், நேற்றுத்தான் பார்த்துவிட்டுப் போனவள் மாதிரி. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை நானும் எத்தாளைக்குப் பஸ் ஏறுகிறேன். ஆனால் என்னைத் தம்பி என்றும் கூப்பிடமாட்டாள், தங்கச்சி என்றும் கூப்பிடமாட்டாள். “இஞ்ச பாரு” என்றே காலத்தை ஓட்டுகிறாள்.

போன வருடம் இதைச் சிறுவர்களுக்கு ஒரு கதையாக எழுதினேன். கதையில் அக்கா விரிப்பை விலக்கி, பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறாள். பிள்ளை உம்மாவின் காலுக்குத் தண்ணீர் வார்க்கிறது. எழுதி முடித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதித் தையலில் எழும்புவேன், அந்தப் பக்கத்தை வாசிப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். சின்னப் பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று எழுதினேனாம். உண்மையில் எனக்குப் பயம். நாலு வருடம் கழித்துக் கிடைத்த தாத்தா, உள்ளதை எழுதினால் மறுபடி போய்விடுவாள் என்ற பயம்.

அவளிடம் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. அவள் வீட்டு முற்றத்துப் பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரி பிடித்து வாசித்தாள். நான் வாசலுக்கும் குசினிக்கும் நடந்தேன்.

“இது பொய்” என்றாள்.

“கதைதானே தாத்தா.”

“கதையெண்டாலும். அண்டைக்கு நீ கேட்ட. நான் மூடினன்.”

அவள் அதை மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“உன்னப் போல ஒரு புள்ள இத வாசிச்சா, எங்கட ஊட்டுல மட்டும் ஏன் இப்பிடி நடக்கல்லண்டு யோசிக்காதா? தாத்தா மூடினாண்டு எழுது.”

கடதாசிகளை என் கையில் திணித்துவிட்டு, மிளகாய்ப் பாயின் பக்கம் குனிந்தாள். முகத்தைக் காட்டவில்லை.

“இஞ்ச பாரு” என்றாள், மிளகாயைப் புரட்டியபடியே. “நான் மவுத்தானா வெளிய நிக்காத. என்ட மகள்ட்ட செல்லி வச்சீக்கிறன். அவள்ட கையோட உன்ட கையும் படணும்.”