களத்தில் கேட்ட கூலி

கண்டாவளையில் மாடு விட்டு நெல் மிதிக்கும் ஒரு சூடடிப்புக் களத்தின் நடுவில் நின்று, கூலி போதுமா என்று நான் கேட்டேன். போதும் என்ற பதில்தான் வரும் என்று தெரிந்தே கேட்டேன். வந்த பதிலை எழுதி மேலே அனுப்பினேன். அதனால் பலருடைய கூலி குறைந்தது. ஒரு பெண் தன் காணியை இழந்தார். நான் பொய் எழுதவில்லை என்று சில மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் எழுதவில்லைதான். உண்மையைச் சொல்ல முடியாத இடமாகப் பார்த்துப் போய்க் கேட்டேன்.

அது ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து, சோதனை பாஸ் பண்ணி, வன்னியில் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு எழுதுவினைஞனாக வந்திருந்தேன். எந்தத் தொழிலுக்கு என்ன கூலி வழங்குகிறது என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். சைக்கிளிலும் லொறியிலும் பஸ்ஸிலும் திரிந்தேன். உண்மையில் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

திரியத் திரிய எனக்கு ஒன்று விளங்கிற்று. வேலையின் கடுமைக்கும் கூலிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனையிறவில் உப்பு வாரும் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் கூலிக்கு, கண்டாவளையில் ஒன்றரை நாள் குனிந்து நெல் வெட்ட வேண்டும். இரண்டு இடத்துக்கும் இடையில் சைக்கிள் ஓடும் தூரந்தான். பரந்தன் பக்கத்தில் புதிதாக எழும்பிய தொழிற்சாலையின் வாசலில் கதிரை போட்டு இருந்த காவற்காரருக்கு இந்த இருவரையும் விடக் கூடுதலான சம்பளம், அதோடு மாதம் முடியக் கையில் காசு. கொக்கிளாயில் கூலி என்ற கதையே இல்லை. வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கை அவற்றின் சொந்தக்காரரான சம்மாட்டி எடுத்த பிறகு மிஞ்சிய மீனைக் கரையில் குவியல் குவியலாகப் பங்கு வைப்பார்கள்; மீன் படாத நாளில் பங்கும் இல்லை. முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வேலை செய்தவர், தனக்குச் சம்பளம் குறைவு என்றாலும் மூன்று நேரமும் முதலாளி வீட்டுச் சாப்பாடு என்று பெருமையாகச் சொன்னார். எல்லாவற்றிலும் கூடிய நாட்கூலி வவுனியாக் காட்டில் மரம் தறிப்பவர்களுக்கு. அவர்களில் வயதானவர்களை நான் காணவில்லை.

விட்டுப் போக வேறோர் இடம் உள்ள ஆளுக்கே கூலி கூடுகிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். இந்தக் கண்டுபிடிப்பைக் கந்தோரில் பலரிடம் சொல்லி மெச்சப்பட்டதும் உண்டு.

அந்த வருடம் கண்டாவளைக்கு அடுத்த தர்மபுரத்துப் பக்கம் வாய்க்கால் வெட்டும் அரசாங்க வேலை ஒன்று தொடங்க இருந்தது. நாட்கூலியை அந்த வட்டாரத்து வழக்கத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். உப்பளத்துக் கூலியை அளவாக எடுப்பதா, வயற்கூலியை எடுப்பதா என்பதுதான் கேள்வி. வயல் வேலைக்காரர் தங்கள் கூலி காணாது, போதாது என்று சொன்னால் உப்பளத்து அளவை எடுக்கலாம் என்று என் மேலதிகாரி சொல்லியிருந்தார். வயலில் விசாரிக்கும் பொறுப்பு என்னுடையது.

கண்டாவளையில் என் அத்தானுக்கு வயல் இருந்தது. அக்காவைக் கட்டியவர். யாழ்ப்பாணத்தில் வீடும், வன்னியில் கமமும். அப்பா செத்த பிறகு என்னைப் படிப்பித்தவர் அவர்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பளத்துக் கூலியை வாய்க்காலுக்குக் குடுத்தா என்ர வயலுக்கு ஆரடா வருவினம்? உன்ர கொக்காவும் நானுமே அரிவாளோட இறங்கிறது?"

"கேட்டு எழுதத்தான் வேணும் அத்தான்."

"கேள். ஆர் வேண்டாம் எண்டது? நாளைக்குச் சூடடிக்கிறம். களத்தில வந்து கேள்."

அவர் சொன்னதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. வன்னியில் சூடடிக்கும் களம் கோயில் மாதிரி. செருப்போடு ஏறக் கூடாது. இல்லை, காணாது, முடிந்தது, குறைந்தது என்ற சொற்கள் அங்கே வாயில் வரக் கூடாது. சொன்னால் பொலி குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. பொலி என்பது அடித்துக் குவித்த நெல். அளக்கும்போதுகூட ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். தண்ணீர்க் குடம் வெறுமையானால், "குடம் நிறையப் போகுது" என்று சொல்லி எடுத்துப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நின்று கூலி போதுமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

பெண்களைக் களத்தில் ஏற விடுவதும் இல்லை. வெட்டியதில் பாதிக்கு மேல் அவர்கள் வெட்டியது. ஆனால் தங்களுக்குரிய நெல்லை வாங்க, பெட்டிகளோடு அப்பால் வரம்பில் நிற்பார்கள்.

அடுத்த நாள் போனேன். மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். களத்துக்குப் பொறுப்பாக நின்ற முதியவர் கும்பிட்டார்.

"வாங்கோ ஐயா, வாங்கோ. பெருகிற நேரம் பாத்து வந்திருக்கிறியள்."

"கூலி எப்பிடி? காணுமோ?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நெற்குவியலைப் பார்த்தார். "பெருகுது ஐயா. நல்லாப் பெருகுது."

மாட்டின் பின்னால் போய்க்கொண்டிருந்த ஒருவன் தன் சட்டையில்லாத வயிற்றைத் தட்டிக் காட்டினான். முதுகோடு ஒட்டிய வயிறு. "இதைப் பாத்தாத் தெரியேல்லையோ ஐயா, எவ்வளவு பெருகியிருக்கெண்டு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன்: போதும் என்கிறார்கள்.

அப்போது வரம்பிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை. "ஐயா, இஞ்சாலயும் ஒருக்கா வாங்கோவன். இதில நிண்டு என்னவும் சொல்லலாம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் விடவில்லை.

"என்ர மனிசன் மரம் தறிக்கப் போய்க் காட்டிலயே செத்துப்போட்டுது. காணிக் கந்தோரால காட்டுக் காணி மட்டும் தந்து வைச்சிருக்கினம். மாரிக்கு முன்னம் கட்டை பிடுங்கி வரம்பு கட்டாட்டி வேற ஆக்களுக்குக் குடுத்திடுவினமாம். வாய்க்கால் கூலி நல்லா வந்தாத்தான் நான் ஆள் பிடிச்சுச் செய்யலாம். எழுதுங்கோ ஐயா, நாங்கள் வாங்கிற நெல்லு ஒரு கிழமைக்கும் காணாது எண்டு எழுதுங்கோ."

களத்தால் இறங்கிய என் அருகில் வந்து நின்ற அத்தான் மெல்லச் சொன்னார்: "உவளவையின்ர கதையைக் கேக்க வெளிக்கிட்டா இண்டைக்குச் சூடடிப்பு ஒப்பேறாது."

"பிறகு வாறன்" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். அத்தானின் கொட்டிலில் தேத்தண்ணி குடித்தேன். திரும்பும்போது அவர்கள் நின்ற வரம்பை விட்டு, மற்றப் பக்கத்து வரம்பால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

வாய்க்கால் வேலைக்கு வயற்கூலியே நிர்ணயமாயிற்று. பெண்களுக்கு அதிலும் குறைவு.

சில மாதங்களுக்குப் பிறகு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வர என்னையே அனுப்பினார்கள். வெயில் ஏறிய நேரம். பெண்கள் வரிசையாக மண் கடகங்களைத் தலையில் சுமந்து கரையில் கொட்டினார்கள். அன்று வரம்பில் குரல் கொடுத்த அந்தப் பெண் என்னைக் கண்டதும் கடகத்தை இறக்காமலே நின்றார்.

"பிறகு வாறன் எண்டியள். இப்பதானோ வாறியள், ஐயா?"

பின்னால் வந்தவர் அவரை இடித்து, "நடவடி, கங்காணி பாக்கிறான்" என்றார். அவர் நடந்துவிட்டார். காணி என்னவாயிற்று என்று இடித்தவரிடம் கேட்டேன்.

"இந்தக் கூலியில ஆள் பிடிக்க ஏலுமே? அவளும் மகள் பெட்டையும் வேலை விட்டு வந்து பொழுதுபடுமட்டும் கட்டை கிண்டினவை. ஒரு மூலைதான் துப்புரவாச்சு. மழை வரப் போகுது."

அன்று கந்தோருக்குத் திரும்பியதும் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். விசாரித்த விதம் பிழை என்றும், களத்தில் எவரும் குறை சொல்லமாட்டார்கள் என்பது எனக்கு முன்னமே தெரியும் என்றும், அது என் அத்தானுடைய களம் என்றும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற ஆருக்கும் சொன்னீரோ?"

"இல்லை, சேர்."

"சொல்லாதையும். மழையால விசாரணை முழுமையாகேல்லை, திரும்பச் செய்ய வேணும் எண்டு எழுதித் தாரும். அது காணும்."

நான் விசாரித்தது மழையே பெய்யாத மாதம். இருந்தும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். என் பிராயச்சித்தத்தின் முதல் வரியே பொய்.

இரண்டாம் முறை களத்துக்குப் போகவில்லை. கிணற்றடிக்கும் வீடுகளுக்கும் போய்ப் பெண்களிடமும் கேட்டேன். களத்தில் "பெருகுது" என்ற முதியவர் தன் வீட்டு முற்றத்தில் இருந்து, "காணாது ஐயா, எந்த வருசம் கண்டது?" என்றார். கூலி உயர்ந்தது. ஆனால் என் அறிக்கை மேலிடம் போய் முடிவாகித் திரும்பி வர ஒரு மாரி கடந்துவிட்டது. தர்மபுரத்து வாய்க்கால் அதற்குள் வெட்டி முடிந்திருந்தது. உயர்ந்த கூலி வேறொரு வாய்க்காலில் வேறு ஆட்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் காணியைத் திருப்பி எடுத்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். காணிக் கந்தோருக்கு நான் பல முறை நடந்தேன். கொடுத்த காணியைப் பறித்துத் தர முடியாது என்றார்கள். அதுவும் நியாயந்தான், வந்து குடியேறியவர்களும் ஏழைகள்.

அத்தான் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: "உன்னைப் படிப்பிச்சது இந்த வயல் நெல்லடா." அதன் பிறகு அவர் சாகும்வரை என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருடம் மாட்டுக்குப் பதிலாக உழவு மெசின் எடுத்து அதைக் கொண்டு சூடடித்தார். களத்தில் முன்பு நின்ற ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதையும் நான் என் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அக்கா மட்டும் களவாக வந்து பார்த்தார். "நீ செய்தது சரிதான் தம்பி. அதை நீ செய்திருக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பெண் மகளோடு கொக்கிளாய்க்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, மோட்டார் சைக்கிள் வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு போனேன். கரையில் கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செய்ததை மறைக்காமல் சொன்னேன். வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். நான் காசை நீட்டியதும் கையைச் சேலையில் துடைத்தார்.

"இது தருமமோ, கூலியோ?"

"கூலி" என்றேன்.

"கூலியெண்டா எனக்கு மட்டும் ஏன்? அண்டைக்கு வரம்பில நான் மட்டுமே நிண்டனான்?"

காசை வாங்கினார். பக்கத்தில் கிடந்த ஓலைப் பாயில், கரையில் மீனைப் பங்கு வைப்பது போலக் குவியல் குவியலாக வைத்தார். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். தன் குவியலை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, மற்றவற்றை என் பக்கம் தள்ளினார். அது அவருடைய காணியில் ஒரு மூலைக்குக்கூடக் கட்டை பிடுங்கக் காணாத காசு.

"குடுத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்றார்.

தேடித் தேடிக் கொடுத்தேன். ஒருவர் வாங்கி எண்ணாமலே இடுப்பில் செருகினார். ஒருவர், தான் அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்ததாகவும் வரம்புக்கு வரவில்லை என்றும் சொல்லி வாங்க மறுத்தார். இன்னொருவர் வாங்கிக்கொண்டு, பரந்தன் தொழிற்சாலையில் பெண்களுக்கு என்ன கூலி என்று கேட்டார். அங்கே பெண்களை எடுப்பதில்லை என்றேன். "பின்னை அந்தக் கூலியை ஏன் ஐயா எழுதிக்கொண்டு திரியிறியள்?" என்றார். வாய்க்கால் கரையில் காணியிழந்த பெண்ணை இடித்து நடக்கச் சொன்னவரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னார்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். இல்லை, செத்துவிட்டார் என்றும் சிலர் சொன்னார்கள்.

திரும்பவும் கொக்கிளாய்க்குப் போய்ச் சொன்னேன். ஒருவருடைய பங்கு மிஞ்சியிருக்கிறது, அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது அவளின்ரை. உங்களிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு மீனைப் புரட்டிப் போட்டபடி, "தேடுங்கோ" என்றார்.

தேடினேன். ஓய்வு பெறும்வரை, வேலையாகப் போன ஊர்களிலெல்லாம் விசாரித்தேன். அந்தப் பங்கு இன்னும் என்னிடந்தான் இருக்கிறது.