கசக்குதா, சாமி?

வெண்ணந்தூருக்குத் தெற்கே தோட்டத்தில் குடியிருந்த செல்லாயியைப் பற்றிப் பெண்கள் பொறாமையோடு பேசுவார்கள். "பெத்தது ஒண்ணுதான். வளத்தின வளப்பு இருக்குதே! அந்தப் புள்ள அழுது ஆராச்சும் கேட்டிருக்கீங்களா?" செல்லாயி சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவள் புருஷன் சென்னிமலை குடிகாரனில்லை, சோம்பேறியுமில்லை. ஆனால் வலி, பசி, பயம் என்று அவன் காதுபட யாரும் முனகக் கூடாது. முனகினால் கையில் அகப்பட்டது பறக்கும். வாழ வந்த புதிதிலேயே செல்லாயி இதைக் கற்றுக்கொண்டாள். மகள் மயிலம்மாளோ தவழும்போதே கற்றுக்கொண்டாள். யார் எதைக் கேட்டாலும் முதலில் அப்பன் முகத்தைப் பார்ப்பாள். அவனுக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அதையே சொல்லுவாள். விளக்கெண்ணெய் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் விழுங்குவாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், மாட்டுக்குச் சோளத்தட்டு உருவப் போன பிள்ளை நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். கணுக்காலில் இரண்டு ரத்தப் பொட்டு.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. முள்ளு."

செல்லாயி தட்டுப்போருக்கு ஓடினாள். அடியில் புழுதியில் பாம்பு நெளிந்து போன தடம். கடித்தது பாம்போ, குத்தியது முள்ளோ, பார்த்தவர் யாருமில்லை. அவள் போட்ட கூச்சலில் சென்னிமலை கிணற்றடியிலிருந்து ஓடிவந்தான். பக்கத்துத் தோட்டத்தில் விஷக்கடிக்கு மருந்து கொடுக்கிற கிழவர் குழந்தைவேலைக் கையோடு இழுத்துவந்தான்.

கிழவர் வேப்பங்கொழுந்தைக் கசக்கிப் பிள்ளையின் வாயில் வைத்தார். "நல்லா மெல்லு. வெசம் ஏறியிருந்தா இது கசக்காது. கசக்குதா, சாமி?"

மயிலம்மாள் மென்றாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. கண்கள் மட்டும் அப்பனிடம் போயின.

"கசக்குதில்ல?" என்றான் சென்னிமலை. பயந்தாலும் அவனுக்கு அதட்டத்தான் தெரியும்.

"கசக்குதுங்கப்பா."

"அப்பறமென்ன, முள்ளுத்தான்!" குழந்தைவேல் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏப்பா, நீ இழுத்தாந்த இழுப்புக்கு எனக்குல்ல மருந்து வேணும்!"

சென்னிமலை சிரித்தான். அவன் சிரித்ததால் பிள்ளையும் சிரித்தாள்.

செல்லாயி மட்டும் சிரிக்கவில்லை. கசப்பையும் இனிப்பையும் ஒரே முகத்தோடு விழுங்கும் பிள்ளையிடம் கேட்டு என்ன தெரியும்? அப்படிப் பழக்கியவளும் அவள்தானே. அடிக்குத் தப்பட்டும் என்று பழக்கினாள். கிழவர் வாசல்படி தாண்டிவிட்டால் மருந்து கொடுக்க வேறு ஆளில்லை.

"ஏனுங்க," என்றாள். "நீங்க செத்த நேரம் வெளிய போங்க."

"என்ன சொன்ன?"

அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை. "அடிக்கறதுன்னா அப்பறமா அடிச்சுக்கங்க. இப்பப் போங்க."

குழந்தைவேல் நடுவில் புகுந்து அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார். செல்லாயி கதவைச் சாத்தினாள். பிள்ளை யார் முகத்தையும் பார்க்காதபடி நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு, கண்ணு. கசக்குதா?"

வெளியே சென்னிமலை உறுமுவது கேட்டது.

"சொன்னா அப்பா உங்கள அடிப்பாருங்களா?"

"அடிக்கமாட்டாரு." பொய்தான்.

"மண்ணாட்டம் இருக்குதும்மா," என்றது முந்தானைக்குள்ளிருந்து குரல். "கண்ணு சொருவுது."

செல்லாயி அலறிக்கொண்டு கதவைத் திறந்தாள். கிழவர் விஷமுறி வேரை அரைத்துப் புகட்டினார். சென்னிமலை வண்டி பூட்டி, மாடுகள் நுரை தள்ள ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் செல்லாயி பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனாள். எத்தனையோ நாள் கிடந்து, எப்படியோ பிழைத்தாள் மயிலம்மாள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு நாள், அப்பனும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"கொழம்புல உப்பே இல்லீங்கம்மா," என்றாள் மயிலம்மாள், தட்டைப் பார்த்தபடி.

சென்னிமலையின் கை சோற்றில் அப்படியே நின்றது. செல்லாயி அகப்பையைக் கீழே வைத்தாள். வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.