குளிர வைத்த குழந்தை

வாயில் குழாயோடு, மேலே ஒரு துணியும் இல்லாமல், குளிர்ந்த ஜெல் பைகளுக்கு நடுவே அவன் கிடந்த கிடப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் படகேறி, எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சைக்குழந்தை வார்டுக்கு ஆயா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறந்த குழந்தையைத் துடைத்து, தொப்பி மாட்டி, சூடு போகாமல் சுற்றி வைப்பதே பத்து வருடமாக என் கைக்குத் தெரிந்த வேலை.

இவன் பிறந்ததும் அழவில்லை. மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்துவிட்டதாம். மூன்று நாள் உடம்பைக் குளிர வைத்தால் மேலும் கெடாமல் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மூச்சு மெஷினில்தான் ஓடியது. சளி கெட்டியாகிக் குழாயை அடைக்கும். ஹெட் சிஸ்டர் பக்கத்திலேயே நின்று உறிஞ்சி எடுப்பார். என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: “எடி, இவனுக்குக் குளிருதான் மருந்து. பாவம் பாத்து மூடிராதே, கேட்டோ?”

இரண்டாம் நாள் மதியம் அவர் சாப்பிடப் போனார். இன்னொரு நர்ஸ் வேறொரு குழந்தையிடம் இருந்தார். தரை துடைக்கப் போன நான் அவன் பாதத்தைத் தொட்டுவிட்டேன். ஐஸில் வைத்த மீன் போல இருந்தது. ஒரு தொப்பியை மாட்டி, இரண்டு பைகளைத் தள்ளிவைத்து, துணியால் மூடினேன். அரை மணி நேரம் இருக்கும். கைகால் வெட்டி இழுத்தது. மூச்சு மெஷினோடு ஒத்துப்போகாமல் உதடு நீலமானது.

மெஷின் அலறியதும் ஹெட் சிஸ்டர் சாப்பாட்டை விட்டு ஓடிவந்தார். துணியை உருவி எறிந்தார், தொப்பியைத் தன் பாக்கெட்டில் திணித்தார். பின்னாலேயே வந்த டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, “பை விலகிப் போச்சு, நான் கவனிக்கல டாக்டர்” என்றார். எல்லார் முன்னாலும் அவர் திட்டு வாங்கினார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்தான். மூன்று வருடம் கழித்து, கும்பளங்கியிலிருந்து அவன் அம்மா வார்டைப் பார்க்கக் கூட்டிவந்தாள். இடது கை மடங்கியே இருந்தது. “மோனே, இந்தச் சேச்சியும் உன்னைப் பாத்துக்கிட்டவங்க” என்று என்னைக் காட்டினாள். அவன் வலது கையால் என் சேலையைப் பிடித்தான்.

அவர்கள் போனபின் கேட்டேன்: “சிஸ்டர், அன்னைக்கு நான் மூடினதாலயா?”

“அது பிறந்தப்பவே பட்டது. நீ போயி சாயா குடி.”

சார்ட்டில் எழுதிக்கொண்டேதான் சொன்னார். இப்போது அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.