பவுடர் மிச்சம், லிக்விட் காலி

1. மூட்டை என்ன விலை?

பல் சிமெண்ட் கம்பெனியில் வேலை என்று சொன்னால் தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் "மூட்டை என்ன வெல?" என்று கேட்பார்கள். முதலில் சிரித்தேன். போகப் போக எரிச்சல்தான் வந்தது. செம்பூரில் ஒரு சின்ன கம்பெனி, அதில் ஆர் அண்ட் டி லேப். என் தலை நரைத்தது அங்கேதான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அனுபவத்தை எழுதுங்க மேடம், எங்களுக்கு ஒரு தைரியமா இருக்கும்" என்றார்கள். தைரியம் கொடுக்க என்னிடம் சரக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்துத் தொலையுங்கள்.

சொத்தைப் பல்லை அடைக்கிற சிமெண்ட் இரண்டு பாட்டிலில் வரும். ஒன்றில் கண்ணாடியை அரைத்த பவுடர், மற்றதில் அமிலம் கலந்த லிக்விட். இரண்டையும் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகும். நாங்கள் அந்தப் பவுடரில் பயோஆக்டிவ் கண்ணாடியைச் சேர்க்கப் பார்த்தோம். வாயின் ஈரம் பட்டால் அது கால்சியமும் பாஸ்பேட்டும் விடும். பல்லும் சிமெண்டும் சேருகிற ஓரத்தில் புதிதாகத் தாது படியும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அதைக் கூட்டக் கூட்டச் சிமெண்டின் பலம் குறையும். உருளை உருளையாக வார்த்து மெஷினில் வைத்து நசுக்குவோம், பிஸ்கட் மாதிரி உதிரும். ரெசின் என்கிற பிசினைச் சேர்த்தால் பலம் வரும். ஆனால் இறுகாமல் மிச்சமாகிற ரசாயனம் வாயில் கசியும். சாதாரண வாய் அதைத் தாங்கிவிடும், புண்ணான வாய் தாங்காது.

எனக்குப் புண்ணான வாய்தான் முக்கியம். என் தம்பி காதர் இருக்கிறானே.

2. காதரின் கடைவாய்ப் பல்

காதர் தாராவியில் லெதர் பேக் தைக்கிறவன். எந்நேரமும் வாயில் குட்கா. வாயில் புற்று வந்து, ரேடியேஷன் கொடுத்து, உயிர் தப்பியது. எச்சில் மட்டும் வற்றிப்போய்விட்டது. எச்சில் இல்லாத வாயில் பல் ஈறோரமாகக் கரைந்துகொண்டே வரும். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் அப்படிக் கரைய ஆரம்பித்தது. அதைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ரேடியேஷன் பட்ட எலும்பில் பல் பிடுங்கின குழி ஆறாமலே போகலாம், தாடை எலும்பே செத்துப்போகலாம். அடைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் எதை வைத்து அடைத்தாலும் கழன்று விழுந்தது.

எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்போம். "லாத்தா, நீயும் எத்தன வருசமா சிமெண்டக் கிண்டுத? ஒரு பல்ல ஒட்டவைக்க முடியலியே" என்பான். கிண்டல்தான், ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"வாயில அந்தச் சனியனப் போடாம இருந்திருந்தா நான் ஏம்ல கிண்டணும்?"

"சரி, ஜானே தோ லாத்தா, விடு. கத்தாத."

மறுநாள் லேபுக்குப் போய் மறுபடி கிண்டுவேன். அழுதுகொண்டே கிண்டின நாளும் உண்டு.

கடைசியில் வழி கிடைத்தது. பயோஆக்டிவ் கண்ணாடியைக் கொஞ்சமாகச் சேர்த்தோம். மொத்தப் பவுடரையும் மைதா மாதிரி நைசாக அரைத்தோம். ரெசினே வேண்டியிருக்கவில்லை. மெஷின் நசுக்க நசுக்க உருளை அசையாமல் நின்றது. என் பாஸ் வெங்கட்ராமன் சார் மாட்டுங்காக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்கு "அசத்திட்டேள்மா!" என்று மேஜையைத் தட்டினார்.

3. போகக் கூடாத க்ளினிக்

நைசாக அரைத்த பவுடர் லேசாக இருக்கும். ரவையையும் மைதாவையும் ஒரே கப்பில் அளந்து பாருங்கள், எடை ஒன்றாக வராது. அதனால் இந்தப் பவுடரை அளக்கிற ஸ்கூப்பைப் பெரிதாக வார்த்துப் பெட்டிக்குள் போட்டோம். ஒரு ஸ்கூப் பவுடருக்கு ஒரு சொட்டு லிக்விட், அந்த ஸ்கூப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று லீஃப்லெட்டில் இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்தோம்.

பேஷண்ட் பல்லில் வைத்துப் பார்க்கிற ட்ரையலுக்கு எடுத்த க்ளினிக்குகளில் தாராவியில் டாக்டர் செல்வராணியின் க்ளினிக்கும் ஒன்று. காதர் பல் காட்டுவது அவரிடம்தான், ட்ரையலில் அவனும் சேர்ந்துவிட்டான். நான் அதை மறைக்காமல் சாரிடம் சொன்னேன்.

"அப்படின்னா நீங்க அந்தப் பக்கமே தலை காட்டப்படாது. தம்பி பேஷண்ட், அக்கா மெட்டீரியல் பண்ணினவா. ரிசல்ட்டை எவன் நம்புவான்?"

"கலக்குறத ஒருதரம் காட்டிக் குடுத்துட்டு ஓடி வந்துர்றேன் சார். அஞ்சு நிமிஷம்."

"லீஃப்லெட் இருக்கோல்லியோ? ரூல்னா ரூல்மா."

நியாயமான ரூல்தான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். பெட்டி கூரியரில் போனது, நான் போகவில்லை. வீட்டில் காதரிடம் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அந்தப் பல்லுக்காக துஆ கேட்டேன். யாராவது கேட்டால் சிரிப்பார்கள், பல்லுக்காக ஒரு துஆவா என்று.

4. திரும்பி வந்த பெட்டி

முதலில் நல்ல ரிப்போர்ட்டாகத்தான் வந்தது. பிறகு அடைத்தது கழன்றது, உடைந்தது என்று வர ஆரம்பித்தது. தாராவி க்ளினிக்கில்தான் அதிகம். கழன்றவர்களில் காதரும் ஒருவன். கம்பெனி ட்ரையலை நிறுத்திவிட்டு மீந்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

தாராவி பெட்டியை நான்தான் பிரித்தேன். லிக்விட் பாட்டில் காலி. பவுடர் பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம். இரண்டும் சேர்ந்து தீருகிற மாதிரிதான் நாங்கள் நிரப்பியிருந்தோம். ட்ரையல்தான் முடிந்துவிட்டதே, இனி எந்த ரூல்? ஆட்டோவைப் பிடித்து நேரே தாராவி க்ளினிக்குக்குப் போனேன்.

அங்கே சிமெண்ட் கலக்குவது டாக்டரின் அசிஸ்டண்ட் பூங்கொடி. பக்கத்துச் சந்துப் பெண். "எப்படிம்மா கலப்ப, காட்டு" என்றேன். டிராயரைத் திறந்து ஒரு ஸ்கூப்பை எடுத்தாள். காம்பில் நூல் கட்டியிருந்தது. அது எங்களுடையதே இல்லை. முன்னால் வாங்கிக்கொண்டிருந்த வேறு பவுடரின் சின்ன ஸ்கூப். பாதி க்ளினிக்குகளில் இதுதான் பழக்கம். பாட்டில் மாறும், ஸ்கூப் மாறாது. புதுப் பெட்டியில் வருகிற ஸ்கூப் லீஃப்லெட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

"எங்க பெட்டில வந்த ஸ்கூப் எங்கம்மா?"

"அது பெருசா இருந்துச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டேன். இதுன்னா கை பழகினது. தொலைஞ்சிரக் கூடாதுன்னுதான் நூலு கட்டி வச்சிருக்கேன்."

நான் கோபக்காரி. ஆனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த ஸ்கூப்பை அத்தனை சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். பவுடர் குறைந்து, கலவை தண்ணியாகி, அந்தத் தண்ணிக் கலவைதான் என் தம்பியின் பல்லுக்குள் போயிருக்கிறது.

டாக்டர் செல்வராணி அந்த ஸ்கூப்பை வாங்கிப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணியாத்தான் இருந்துச்சு மேடம். புது மெட்டீரியல், அதோட குணமே இப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

5. யார் கையும் படாத சிமெண்ட்

சாரிடம் ஓடினேன். சிமெண்டில் குறையில்லை, ஸ்கூப்தான் காரணம், இன்னொரு தரம் ட்ரையல் வைப்போம் என்று கெஞ்சினேன். அவர் என்னை நம்பினார். மேலே போய் வாதாடிவிட்டு முகம் வாடி வந்தார்.

"கேப்சூலாப் போட்டுடலாம்கறா. அளவெல்லாம் உள்ளேயே அடைச்சிருக்கும், யார் கையும் படாது. மெஷின்ல வச்சு ஆட்டினா முடிஞ்சுது. பாட்டில் இனிமே கிடையாதாம்."

"அந்த மெஷின் நம்ம செல்வராணி டாக்டர்கிட்ட இருக்கா சார்? அந்தத் தெருவுல யார்கிட்டயாவது இருக்கா?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிறுத்திவிட்ட ட்ரையல் சிமெண்டை யார் பல்லிலும் வைக்க அனுமதி இல்லை. கேப்சூல் வரும்வரை காதரின் பல் காத்திருக்கவில்லை. உடைந்து சீழ் வைத்தது. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள். ஆனாலும் குழி ஆறவில்லை, எலும்பு வெளியே தெரிந்தது. கடைசியில் தாடையில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தார்கள். இப்போது அவனுக்குக் கஞ்சிதான். பெருநாளைக்கு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

கேப்சூல் நன்றாக விற்றது. ஆபீஸில் விழா வைத்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நிஜமாகவே நல்ல சிமெண்ட். எனக்குத் தாங்க முடியாததும் அதுதான்.

6. டிராயர்

அனுபவம் கேட்டீர்களே, இதுதான். உங்கள் லேபில் ஏசி இருக்கும், தராசு இருக்கும். உங்கள் மெட்டீரியல் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு டிராயர் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் போகக் கூடாது என்று ரூல் இருந்தால் இன்னொருவரை அனுப்புங்கள். அச்சடித்துப் போட்டாச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சொல்லிவிட்டேன். இதை எழுதியதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

ரிட்டையரான அன்று, லேபில் வார்த்த உருளை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காதர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தரையில் ஓங்கித் தட்டினான், சில்லுகூடப் பெயரவில்லை. இப்போதெல்லாம் அவனுக்குப் பேச்சு குழறும், பழகினவர்களுக்குத்தான் புரியும்.

"கல்லு மாரில்லா இருக்கு லாத்தா. இதத்தான் எனக்கும் வச்சாங்களா?"

"இதேதாம்ல."

"பொறவு ஏன் விழுந்துச்சு?"

ஸ்கூப் விஷயம் அவனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் பூங்கொடிதான் வீட்டுக்கு வந்து அவன் வாய்ப்புண்ணைக் கழுவிவிடுகிறாள். ஆஸ்பத்திரி நர்ஸைக்கூட விடமாட்டான், அவளுக்கு மட்டும் வாயைத் திறப்பான்.

"ஒன் வாய்தாம்ல சரியில்ல" என்றேன்.

ஆமாம் என்று தலையாட்டினான். உருளையைச் சட்டையில் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தான்.